திருகாணி

ஜூன் 3

புது நோட்டு. தொலைந்தால் கண்டெடுப்பவர் கொடுக்க வேண்டிய முகவரி: செண்பகவல்லி, நர்ஸ். சொந்த ஊர் கோவில்பட்டி. இப்போது கிர்கிஸ்தானில், நாரின் மலைப்பக்கம் ஆக்தெரெக் கிராமம், துர்சுன் அபா வீடு. இங்கே ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. தெரிந்தவன் கண்டெடுத்தால் முதலில் படித்துவிட்டுத்தான் கொடுப்பான். எப்படிப் பார்த்தாலும் வீண் வேலை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

தன்னார்வலராக வந்து எட்டு மாதம் முடிந்தது. இன்னும் பதினாறு. மூன்று நாளாக மழை, கிளினிக் கூரை ஒழுகி பஞ்சுக் கட்டெல்லாம் நனைந்துவிட்டது. துர்சுன் அபாவின் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டிருக்கிறோம். அபா என்றால் இங்கே அம்மா வயதுப் பெண்கள் எல்லாருக்கும் பொதுவான மரியாதை. வீட்டுக்காரி அவர். மகள் அய்பெரி கிளினிக்கில் எனக்கு உதவியாள். இருபத்து மூன்று வயது. தலைநகரத்தில் படித்ததால் ஆங்கிலம் பேசுவாள். நோயாளி சொல்வதை எனக்கும் நான் சொல்வதை நோயாளிக்கும் அவள்தான் சொல்ல வேண்டும். அவள் இல்லாவிட்டால் நான் இந்த ஊரில் ஊமை.

என்னை 'வல்லி எஜே' என்பாள். எஜே என்றால் அக்கா.

ஜூன் 14

அய்பெரியின் சித்தப்பா மகளுக்கு இன்று 'சொய்கோ'. நம் ஊர் நிச்சயதார்த்தம் மாதிரி, ஆனால் தட்டு மாற்றுவது இல்லை, பத்திரிகை வாசிப்பது இல்லை. மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணின் காதில் தோடு போடுகிறாள். அவ்வளவுதான், பெண் அந்த வீட்டுக்கு உரியவள் என்று அர்த்தம். போட்டதும் கூடியிருந்த பெண்கள் எல்லாரும் இரண்டு கையையும் ஏந்தி, முகத்தைத் தடவி 'ஓமின்' என்றார்கள்.

"வேற யாராவது போட்டா?" என்று அய்பெரியிடம் கேட்டேன்.

"வேற யாரும் ஏன் போடுவாங்க எஜே? பையன் இருக்கிற வீட்டு அம்மா, ஊர் பாக்க, ஒரு பொண்ணு காதத் தொட மாட்டாங்க. தொட்டா அதுக்கு ஒரே அர்த்தம்தான்."

சாப்பாட்டில் ஆட்டுத் தலை முழுசாக வந்தது. பெரியவர் அறுத்து, காதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார், சொன்னதைக் கேட்டு நடக்கட்டும் என்று. அய்பெரி என் காதில், "எனக்கு எப்பவும் நாக்குதான் குடுப்பாங்க. நாலு வயசு வரைக்கும் நான் பேசவே இல்ல. பேச்சு வராதவங்களுக்கு நாக்கு" என்றாள். அதற்கும் சேர்த்து இப்போது பேசுகிறாள்.

திரும்பி வரும்போது வெட்கத்தோடு ஒன்று சொன்னாள். கணவாய்க்கு அந்தப்பக்க ஊரில் எர்மெக் என்று ஒரு கால்நடை மருத்துவர். மூன்று வருஷப் பழக்கமாம். ஜூலை இருபதாம் தேதி அவன் அம்மா ஸைனா அபா தோட்டோடு வருகிறார். அதற்காகவே தன் பழைய கம்மலைக் கழற்றிவிட்டு வெறுங்காதோடு இருக்கிறாளாம். நான் இத்தனை நாளாக அதைக் கவனிக்கவே இல்லை.

சந்தோஷம் என்றேன். கல்யாணம் ஆனால் அந்தப் பக்கம் போய்விடுவாயே, நாலு மணி நேரப் பயணமாயிற்றே, கிளினிக்கை யார் பார்ப்பது என்றும் கேட்டேன். சிரித்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

ஜூன் 16

என்னை இங்கே அனுப்பிய அமைப்புக்கு மெயில் அனுப்பினேன், வேறு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று. கிடைக்க மாட்டார். பதில் மட்டும் ரொம்ப வேகமாக வந்துவிட்டது.

ஜூன் 24

கோடை வந்தால் விருந்தாளிகள். அமைப்பிலிருந்து இரண்டு பேர் வந்து, நான் பிபி பார்ப்பதை ஒன்பது கோணத்தில் படம் எடுத்துப் போனார்கள். பிபி பார்க்கப்பட்ட கிழவருக்கு அதற்குள் பிபி ஏறிவிட்டது.

அடுத்து அம்மா வருகிறாள். தம்பி வேல்பாண்டியும் கூட. பத்து நாள் லீவாம். "நீ அங்க என்னதான் திங்க, எங்கதான் படுக்கன்னு நான் கண்ணால பாக்கணும்ட்டி" என்கிறாள். அவள் பார்க்க வருவது அதை இல்லை. முப்பத்து நாலு வயதில் கல்யாணம் வேண்டாம் என்று மலை ஏறிப்போன மகளை இறக்கிக் கூட்டிப்போக முடியுமா என்று பார்க்க வருகிறாள்.

ஜூலை 1

வந்துவிட்டார்கள். அம்மா ஒரு பெட்டி நிறையக் கடலைமிட்டாய் கொண்டுவந்து, வாசலுக்கு வந்தவர் போனவர் எல்லாருக்கும் கொடுத்துத் தீர்த்துவிட்டாள். துர்சுன் அபா குதிரைப் பாலைப் புளிக்கவைத்துக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "பழைய நீத்தண்ணிதான்னு நெனச்சுக் குடிச்சுட்டேன், போ" என்றாள். இரண்டாவது கோப்பையும் குடித்தாள்.

அய்பெரியை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பேச்சே புரியாமல் இரண்டு பேரும் சேர்ந்து ரொட்டி சுடுகிறார்கள். ஒரே ஒரு குறைதான். "ஏட்டி, இம்புட்டு லட்சணமான பிள்ள மூளிக்காதோட நிக்கால்லா. பாக்கவே வயித்தக் கலக்குது. என்னன்னு கேளேன்."

கேட்கிறேன் என்று சொன்னேன். கேட்பதற்கு என்ன இருக்கிறது, எனக்குத்தான் காரணம் தெரியுமே. அம்மாவிடம் சொல்லாமல் ஏன் விட்டேன் என்று தெரியவில்லை. வேலை அதிகம்.

ஜூலை 6

பக்கத்து வீட்டுக் கல்யாணம். ஊரே இருந்தது. இரண்டு கூடாரம், ஒரு குதிரை அறுத்தார்கள். வேல்பாண்டியை மரியாதை இடத்தில் உட்காரவைத்து ஆட்டுத் தலையை முன்னால் வைத்தார்கள். வெலவெலத்துப் போய்விட்டான். பெண்கள் அவனை ஆடச்சொல்லி இழுத்தார்கள், ஆடினான். இருபத்தொன்பது வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று யாரோ கேட்க நான்தான் சொன்னேன்.

சாப்பிட்டு முடிந்து டீ வந்தபோது, அம்மா தன் காதுத் தோட்டைக் கழற்றி அய்பெரிக்குப் போட்டாள். கெம்புக்கல் தோடு, திருகாணி வைத்தது. எல்லாரும் கை ஏந்தி வேண்டிக்கொண்டார்கள். அம்மாவும் அதைப் பார்த்து முகத்தைத் தடவிக்கொண்டாள்.

நல்ல நாள். தலைவலி மட்டும்.

ஜூலை 10

நேற்று அம்மாவும் தம்பியும் கிளம்பிவிட்டார்கள். வண்டியில் ஏறும்போது அம்மா அழுதாள், நானும் அழுதேன்.

இன்று காலை கண்ணாடி முன்னால் நின்று அய்பெரி தோட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கத்துத் தோடெல்லாம் கொக்கிதான். திருகாணி அவர்களுக்குப் பழக்கமில்லை. காது சிவந்துவிட்டது. "எஜே, இது எப்படிக் கழட்டுறது?"

அம்மா ஊர் போய்ச் சேரட்டும், வீடியோ காலில் ஒரு தடவை பார்த்துவிடட்டும், பிறகு கழற்றலாம் என்றேன். சரி என்றாள். அவள் எதற்கும் சரி என்பாள்.

அரை நிமிஷ வேலை அது. திருகாணியை இடப்பக்கமாக நாலு திருகு.

ஜூலை 20

துர்சுன் அபா விடியற்காலையே எழுந்து மாவு பிசைந்து, விரிப்பு முழுக்க மலைபோல் ரொட்டி பொரித்துக் குவித்தார். செம்மறி அறுத்தாயிற்று. அய்பெரி நீல உடுப்பு. நேற்றுச் சாயங்காலம் நான் அவள் தோட்டைக் கழற்றிக் கொடுக்கப் போனபோது, "விடுங்க எஜே. ஊரே பாத்தாச்சு. இப்ப நானே கழட்டி ஒளிச்சா இன்னும் தப்பா போகும். ஸைனா அபா வரட்டும், நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

யாரும் வரவில்லை.

சாயங்காலம் வரை மூன்று பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எர்மெக் போனை அணைத்துவைத்திருக்கிறான். இருட்டும் நேரத்துக்கு அவன் உறவுக்காரர் ஒருவர் குதிரையில் வந்தார், இறங்கவே இல்லை. "இந்தியாக்காரங்க தோடு போட்டாச்சாமே. போட்ட காதுல இன்னொரு தோடு போட எங்க வீட்டுக்கு அவசியம் இல்லன்னு சொல்லச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

ரொட்டி எல்லாம் அப்படியே இருக்கிறது.

ஜூலை 21

துர்சுன் அபா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். கோபமாகத் திட்டியிருந்தால் தேவலை. ரொம்ப மரியாதையாகக் கேட்டார். அய்பெரிதான் மொழிபெயர்த்தாள். அவளைப் பற்றிய கேள்வியை அவளே எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"உங்க அம்மா மனசுல நெனச்சுத்தான் போட்டாங்களான்னு அம்மா கேக்கறாங்க. உங்க தம்பி எப்ப வருவார்னு கேக்கறாங்க."

அம்மாவுக்கு இந்த வழக்கம் ஒன்றும் தெரியாது, பாசத்தில் போட்டாள் என்றேன்.

அபா ஒரே ஒரு வார்த்தை கேட்டார். அந்த வார்த்தை எனக்கே புரியும். 'உனக்கு?'

நான் வாயைத் திறப்பதற்குள் அய்பெரி முந்திக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் தன் அம்மாவிடம், "எஜேக்கு எப்படிம்மா தெரியும்? அவங்க வேற ஊர்க்காரங்க" என்றாள். அதுவும் எனக்குப் புரிந்தது.

ஆமாம், தெரியாது என்று நானும் தலையை ஆட்டினேன்.

ஜூலை 22

பன்னிரண்டு பேருக்கு பிபி. இரண்டு கர்ப்பிணிகள்.

ஜூலை 25

அய்பெரி வழக்கம்போல் எட்டு மணிக்கு வருகிறாள். ஊசி எடுத்து வைக்கிறாள், நோயாளி சொல்வதை எனக்குச் சொல்கிறாள். வேறு எதுவும் பேசுவதில்லை. நாலு வயது வரை பேசாமல் இருந்தவள் இப்படித்தான் இருந்திருப்பாள்.

அவள் எங்கேயும் போகப்போவதில்லை. கிளினிக்குக்கு ஆள் இருக்கிறது. நான் ஆசைப்பட்டது இதைத்தானே.

ஜூலை 31

அம்மா போன். "அந்தப் பிள்ளைக்குத் தோடு எப்பிடி இருக்கு? காட்டேன்." சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 5

இந்த நோட்டில்கூடப் பொய் எழுதினால் நான் எங்கேதான் உண்மை பேசுவது? யாரும் படிக்க முடியாத ஊரில், யாரும் படிக்க முடியாத பாஷையில், எனக்கே எனக்கென்று எழுதுவதிலும் 'நல்ல நாள்' என்று எழுதியிருக்கிறேன். கருமம்.

ஜூலை ஆறாம் தேதி நடந்தது இது.

டீ வந்தது. அம்மா கையை உயர்த்தித் தன் தோட்டைத் திருகத் தொடங்கினாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. "என்னம்மா செய்யுத?" என்று கேட்டேன். "இது உன் கல்யாணத்துக்குப் போடணும்னு வச்சிருந்தது. இனி அது எங்க நடக்கப் போவுது. ஒரு நல்ல பிள்ள காதுலயாவது கெடக்கட்டும்" என்றாள். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் சுருக்கென்றது. கல்யாணம் வேண்டாம் என்றது நான்தான். ஆனால் அம்மாவும் என்னைக் கைகழுவிவிட்டாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சரி, போடு, யாருக்கு வேண்டுமானாலும் போடு என்று இருந்தது எனக்கு.

முதல் தோடு ஏறியது. கூடாரம் அமைதியாகிவிட்டது. பின்னால் வேல்பாண்டி இளித்துக்கொண்டு நிற்கிறான். அய்பெரியால் விருந்தாளியின் கையைத் தட்டிவிட முடியாது, அதுவும் வயதில் பெரியவள், அதுவும் கல்யாண வீட்டில். அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து 'அம்மா, நிறுத்து' என்று தமிழில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தக் கூட்டத்தில் இரண்டு பக்கமும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நான் டீக்கெண்டியைப் பார்த்தேன். நீலப் பூப்போட்ட கெண்டி, மூக்கில் சின்னதாக உடைசல். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது இதுதான்: இது நடந்தால் அவள் கணவாய் தாண்டிப் போகமாட்டாள்.

இரண்டாவது தோடும் ஏறியது. கைகள் எல்லாம் மேலே எழுந்தன.

அறியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. ஜூன் 14 இதே நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது.

ஆகஸ்ட் 9

வைக்கோல் லாரியில் கணவாய் தாண்டினேன். அய்பெரியிடம் சொல்லவில்லை. மொழிபெயர்க்க ஆள் இல்லை. பத்து மாதத்தில் பொறுக்கிய கிர்கிஸ் வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி, வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

ஸைனா அபா வீட்டு முற்றத்தில் கம்பளி துவைத்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம், ஆண்குரல். உட்காரச் சொல்லவில்லை. நானும் நின்றுகொண்டே ஒப்பித்தேன். "என் அம்மா தோடு போட்டது. அம்மாக்கு வழக்கம் தெரியாது. தம்பிக்குப் பொண்ணு கேக்கல. அய்பெரி நல்ல பொண்ணு. அய்பெரி தப்பு இல்ல."

அவர் துவைப்பதை நிறுத்தவில்லை. "உங்க அம்மாக்குத் தெரியாது. சரி. உனக்கு?"

அதே வார்த்தை.

"தெரியும்."

கை நின்றது. "தெரிஞ்சா ஏன் சும்மா இருந்த?"

இதற்கு என் தாளில் வார்த்தை இல்லை. கையைக் காட்டி, அவள் போகக் கூடாது, எனக்கு வேறு ஆள் இல்லை, நான் தனி என்று எப்படியோ உளறினேன். அழுகை வந்துவிட்டது. அழுதால் விட்டுவிடுவார் என்ற நினைப்பும் ஓரத்தில் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் விடவில்லை. "உனக்குத் தெரியும்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவதான் எனக்குச் சொல்லித் தந்தது. அவங்க அம்மாகிட்ட எனக்குத் தெரியாதுன்னு சொன்னா."

ஸைனா அபா கம்பளியைப் பிழிந்து வைத்துவிட்டு ஈரக்கையை உதறினார். பிறகு சொன்னார், "என் மகன் மூணு வாரமா சரியா சாப்பிடல. எனக்கு ரோஷம் பெரிசா இருந்துச்சு. நான் வர்றேன். ஆனா நீ என்கிட்ட சொன்னத அன்னிக்குக் கை ஏந்தின பொம்பளைங்க எல்லார் முன்னாடியும் சொல்லணும். நீயே கழட்டணும். உங்க வீட்டுத் தோடு, உங்க கைதான் எடுக்கணும்."

வீட்டுக்குள் கூட்டிப்போய் ரொட்டி கொடுத்தார்.

ஆகஸ்ட் 17

சொன்னேன். துர்சுன் அபா வீட்டு அறையில் இருபது பெண்கள். என் ஓட்டை கிர்கிஸில், 'எனக்குத் தெரியும், நான் பேசவில்லை, தப்பு என்னுடையது' என்று மூன்றே வாக்கியம். யாரும் சிரிக்கவில்லை. துர்சுன் அபா மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய், கொஞ்சநேரம் கழித்து வந்தார்.

அய்பெரியின் முன்னால் மண்டிபோட்டேன். திருகாணி இறுகிக் கிடந்தது. அம்மா பாசத்தை எல்லாம் சேர்த்து முடுக்கியிருக்கிறாள். ஆயிரம் பேருக்கு ஊசி போட்ட கை என்னுடையது, அந்தத் திருகாணியில் மூன்று தடவை வழுக்கியது. அவள் முகம் என் முகத்துக்கு அரை அடியில் இருந்தது.

"அன்னிக்கு உங்களப் பாத்தேன்" என்றாள் ஆங்கிலத்தில், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"தெரியும்."

"கேட்டிருந்தா போதும் எஜே. கல்யாணத்த வசந்தத்துக்குத் தள்ளி வெச்சிருப்பேன். நீங்க கேக்கவே இல்ல."

இரண்டாவது தோடும் வந்துவிட்டது. ஸைனா அபா என்னை நகரச் சொல்லித் தன் வெள்ளித் தோட்டைப் போட்டார். கைகள் எழுந்தன. நானும் ஏந்தினேன்.

ஆகஸ்ட் 18

அம்மாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில், "ஐயையோ, நான் ஒரு கூறுகெட்டவ, ஒரு பிள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போடப் பாத்தேனே" என்று புலம்பினாள். உன் தப்பு இல்லை, என் தப்பு என்றேன். ஏன் என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

"நான் சொன்னது உன்ன அம்புட்டுச் சுட்டுச்சாட்டி?" என்றாள். "என்னைய நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்லா. அந்தப் பிள்ள என்னட்டி செஞ்சா?"

செப்டம்பர் 6

எர்மெக்கின் ஊரில் கல்யாணம். எனக்கு அழைப்பு வராது என்றுதான் இருந்தேன். துர்சுன் அபா காலையில் என் கதவைத் தட்டி, "கிளம்பு" என்று மட்டும் சொன்னார். இருபது நாளில் அவர் என்னிடம் தானாகப் பேசிய முதல் வார்த்தை.

என்னை எங்கே உட்காரவைத்தார்கள் தெரியுமா? வாசலுக்கு நேரெதிரே, முதல் மரியாதை இடத்தில். ஓரத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். ஸைனா அபா தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்துவிட்டார்.

தலை வந்தது. ஸைனா அபாவே கத்தியை எடுத்தார். காதுகளை அறுத்து இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பிறகு வாயைப் பிளந்து நாக்கை முழுசாக அறுத்தெடுத்து, என் தட்டில் வைத்தார். ஏன் என்று சொல்லத் தேவை இல்லை, சுற்றி இருந்த எல்லாருக்கும் அது யாருக்குக் கொடுப்பது என்று தெரியும். எனக்கும் தெரியும். அதையும் அய்பெரிதான் சொல்லித் தந்தாள்.

தின்றேன். உப்பு மட்டும் போட்டு வேகவைத்தது. எவ்வளவு மென்றும் தீரவே இல்லை. மிச்சம் வைக்காமல் தின்றேன்.

டீ வந்தது. இந்த ஊரில் புதுப்பெண்தான் எல்லாருக்கும் ஊற்ற வேண்டும். வெள்ளை முக்காட்டோடு, காதில் வெள்ளித் தோடு ஆட, வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தாள். என் கோப்பையை எடுத்து நிரப்பி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். இந்தத் தடவை நான் கெண்டியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிமிரவில்லை. கெண்டியைப் பார்த்தபடியே பக்கத்திலிருந்தவருக்கு ஊற்றப் போய்விட்டாள்.